சோறு வைத்து ஒட்டிய கடிதம்

கோட்டூர்புரம்
மார்கழி மாதம்

அன்புள்ள மகள் ஷீலாவுக்கு, அம்மா தேவானை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ பினாங்கில் சுகமாக இருப்பதாக உன் கம்பெனி சொல்கிறது. நீ வாய் திறந்து சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் முக்கியமான பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு சிக்னல் போகாது. உன் கம்பெனிக்காரர் ஒருவர் அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாலு பக்கமும் சோறு வைத்து ஒட்டியிருக்கிறேன். வழியில் யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் எனக்குச் சொல்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி, கண் மட்டும் தெரிகிறது. அதே மாதிரி ஒரு வரிசையே நிற்கிறது. இடப்பக்கம் மூன்றாவது நான் என்று எழுதியிருக்கிறாய். பெற்ற பெண்ணை இடப்பக்கத்திலிருந்து எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டுமா? தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வேலையா என்று கேட்டார்கள். பொட்டு எங்கே என்று உன்னைக் கேட்டால், பவுடர், பொட்டு, பூ எதுவும் உள்ளே கூடாது, தூசு விழுந்தால் வேலை கெட்டுவிடும் என்கிறாய். சரி, உள்ளே கூடாது. ராத்திரி உன் அறையிலிருந்து வீடியோவில் பேசும்போதும் நெற்றி வெறுமையாகத்தான் இருக்கிறது. அங்கேயும் மிஷின் ஓடுகிறதா?

உன் கம்பெனி கம்ப்யூட்டர் சிப்பு செய்வதில்லை, சிப்பு செய்கிற மிஷினைச் செய்கிறது என்று அப்பா விளக்கம் சொன்னார். நான் இட்லி விற்கிறவள், அவர்கள் கிரைண்டர் விற்கிறவர்கள் என்று புரிந்துகொண்டேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். கிரைண்டர் விற்கிறவர்களுக்கு நம் ஆற்றங்கரைக் குடிசைகள்மேல் என்ன அக்கறை? இப்போது தரமணியில் பெரிய கட்டடம் கட்டிவிட்டார்கள். நம் தெருமுனையில் குடிதண்ணீர் மிஷின் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் படிக்க ஒரு கூடம் போடப்போகிறார்கள். மயிலாப்பூரிலிருந்து வர்ஷினி என்று ஒரு பெண் வருகிறாள். ஊருக்கு நல்லது செய்வதற்கென்றே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறாளாம். அப்படியும் ஒரு வேலை இருக்கிறது பார். நல்ல பெண்தான், சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அதுதான் எனக்கு உதைக்கிறது. போன வாரம் டேப்பை வைத்துத் தெருவை அளந்தாள். குடிசையை இடித்து உன் அத்தை குடும்பத்தை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அதற்கு முன்னாலும் இலவசக் கண் பரிசோதனைதான் நடந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் படிக்கவில்லை, பார்த்தே இருக்கிறோம்.

அதையெல்லாம் விடு. ஒரு வருஷம் பயிற்சி, பிறகு தரமணியிலேயே வேலை என்று சொல்லித்தானே உன்னைக் கூட்டிப்போனார்கள்? வருஷம் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் கம்பெனி நிறுத்திக்கொண்டது என்று நீ போனில் சொன்னாய். நான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. கட்டடம் இங்கே, பெண் அங்கே என்றால் அது என்ன கணக்கு? அப்பாவிடம் சொன்னால், "பொண்ணு சம்பாரிச்சுக்கினு நல்லாத்தான கீது, நீ ஏன் சும்மா பயந்துக்கினு கீற" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவருக்கு எல்லோரும் நல்லவர்கள்.

புகழேந்தி மாமா திருவான்மியூரில் புது வீடு பார்த்துவிட்டான். ஃபிரிட்ஜும் வாங்கிவிட்டான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, குடிக்காதவன். தை பிறந்ததும் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்கிறான். நீ கிளம்புவதற்கு முன்னால் அவன் கொண்டுவந்த தட்டும் புடவையும் பீரோவில் வைத்தபடியே இருக்கின்றன. அன்றைக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே நம் பக்கத்தில் எடுத்துக்கொள்வோம். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இந்த மாதக் கடைசியில் தரமணியில் திறப்பு விழா. உன் அம்மா என்று என்னை மேடையில் பேசக் கூப்பிட்டிருக்கிறாள் வர்ஷினி. சரி என்று சொல்லிவிட்டேன். மைக் கையில் வரட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நீ பயப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா தேவானை


கோட்டூர்புரம்
தை மாதம்

அன்புள்ள ஷீலாவுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவுக்குச் சளி, மற்றபடி சுகம். பொங்கலுக்கு நீ அனுப்பிய பணத்தில் அவருக்குச் சட்டை எடுத்தேன். கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

விழா நடந்ததை வர்ஷினி உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதை நம்பாதே, நான் சொல்வதைக் கேள். பெரிய பந்தல், வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் மாலை. ஒவ்வொருவரும் இந்த ஊருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம் என்று பேசினார்கள். என் முறை வந்தது. எழுதிக்கொடுத்த நன்றியைப் படிக்காமல், என் பெண்ணை எப்போது திருப்பி அனுப்புவீர்கள், சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். யாரோ கை தட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு நல்ல திருப்திதான்.

வர்ஷினி என் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப்போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "ஆன்ட்டி, நாங்க ஷீலாவை இங்கதான் வரச் சொன்னோம். இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருக்கேன்னு அவதான் கேட்டு வாங்கினா" என்றாள்.

முதலில் நான் நம்பவில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டவள், உன்னை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை பார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஷீலா எங்கே வேலை செய்கிறாள் என்று பார்க்கிறீர்களா, அதே மாதிரி அறை இங்கேயும் இருக்கிறது என்றாள்.

உள்ளே போக வேண்டுமென்றால் பவுடரைக் கழுவு, பூவை எடு, குங்குமத்தை அழி என்றார்கள். உங்கப்பா முழுசாக எதிரில் நிற்கும்போதே குங்குமத்தை அழிக்கச் சொல்கிறார்கள். தாலி துணிக்கு உள்ளே இருக்கலாமாம், பிழைத்தார்கள். என் பூவைக் கையில் வாங்கிக்கொண்டு அப்பா வாசலிலேயே நின்றார். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை அந்த வெள்ளைத் துணியை மாட்டிவிட்டார்கள். கண்ணாடி முன்னால் நான், வர்ஷினி, அங்கே வேலை செய்கிற இன்னும் சிலர் நின்றோம். இதில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. எது மயிலாப்பூர், எது ஆற்றங்கரை என்று சொல்ல முடியவில்லை. யார் யாருக்கு முறைப்பெண் என்றும் அந்தத் துணியில் எழுதவில்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கண் மட்டும்தான் வெளியே தெரிகிறது, அதனால் மறைக்கவும் முடியவில்லை. கண்ணீர் விழுந்தாலும் மிஷினுக்கு ஆகாது என்று சீக்கிரமாக வெளியே கூட்டிவந்துவிட்டார்கள்.

வெளியே வந்து பூவை வாங்கி வைத்துக்கொண்டேன். வீடு வந்ததும் பீரோவைத் திறந்தேன், தட்டையும் புடவையையும் பையில் போட்டுக்கொண்டேன். திருவான்மியூருக்கு விடு என்றேன், விட்டார்.

புகழேந்தி காரணம் கேட்டான். கம்பெனி விடமாட்டேன் என்கிறது என்று சொன்னேன். நீ சொன்ன பொய்தான், எனக்கும் உதவியது. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், நானும் அவனைப் பார்த்தேன். அக்கா முகத்தைப் படிக்கத் தெரியாதவனா அவன்? தட்டை வாங்கி உள்ளே வைத்தான், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. இந்தப் பொங்கலுக்குத் தாய்வீட்டு வரிசையும் வரவில்லை. வராவிட்டால் போகிறது. அவன் வீட்டு ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது, அந்த வீட்டில் மனுஷி தூங்க முடியாது.

உன்னைக் கேட்காமல் தட்டை வாங்கி வைத்தது தப்பு என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. நீயும் வாயைத் திறந்திருக்கலாம். தெருவை அளந்தது படிப்புக் கூடம் கட்டத்தானாம். அதையும் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. கூடத்தின் சுவர் எழும்பட்டும், பார்க்கலாம்.

இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிறாயோ, முன்னாலேயே வருகிறாயோ, உன் இஷ்டம். பொட்டு வைத்துக்கொண்டு வா, வைக்காமல் வா. பீரோவில் மேல் தட்டு காலியாக இருக்கிறது. உன் துணிமணிகளை வைக்க இடம் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் மருந்தீஸ்வரர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா

இந்தக் கடிதத்தை வர்ஷினியிடமே கொடுத்தனுப்புகிறேன், அடுத்த வாரம் அவளே அங்கே வருகிறாள். சோறு வைத்து ஒட்டவில்லை. படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.