புரியவில்லை என்பதற்கு முழு மதிப்பெண்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் நலம், நீ நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்லப் போகிறாய் என்பதால் இந்த முறை கேட்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, குளியலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது, "நாளைக்குப் பாத்துடறேன்" என்று அவர் சொல்லத் தொடங்கி மூன்று வாரமாகிறது.

பள்ளியில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. வேறு நாடுகளிலிருந்து வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் என் பொறுப்பு என்று உனக்குத் தெரியுமே, இந்த வருடம் புது விதி, பாதி மதிப்பெண் பரீட்சைக்கு, மீதிப் பாதி அவர்களே பருவத் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்த இலக்குக்கு. விவரமான பிள்ளைகள் "தினம் ஒரு வார்த்தை படிப்பேன்" என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் ஒரு பெண், நான் எது சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவாள், நோட்டைத் திறந்தால் வெள்ளைத் தாள். அவள் தோழியின் உதவியோடு எழுதிய இலக்கு, புரியாதபோது புரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பது. இதெல்லாம் ஒரு இலக்கா என்று நான் சிரித்தேன். சிரித்தது தப்பு, பதினான்கு வாரமும் அவளால் வாய் திறக்க முடியவில்லை. பரீட்சையில் ஐம்பதுக்குப் பதினெட்டு, இரண்டும் சேர்த்து நாற்பது வந்தால்தான் தேர்ச்சி, இலக்குக் கட்டமோ காலி. இதே வகுப்பில் மறுபடி உட்காரச் சொன்னதால்தான் அவள் அக்கா படிப்பையே விட்டாளாம், அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதிப்பெண் கொடுக்க வேண்டிய கடைசி நாள் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து, அடுத்த வருட மதிப்பெண் முறையைப் பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு மடமடவென்று விளக்கிவிட்டு, புரிந்ததா என்றார். வகுப்பே தலையாட்டியது, நானும்தான். அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஐயா, எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்னார். இன்னும் புரியவில்லை என்றாள், அதற்குள் பின்னால் நாலு கை உயர்ந்துவிட்டது. மூன்றாம் முறை அவரே பாதியில் நின்று, "டீச்சர், இந்தக் கடைசிக் கட்டம் எனக்கே புரியல" என்றார். அவள் இலக்குக் கட்டத்தில் ஐம்பதுக்கு ஐம்பது போட்டேன். கொஞ்சம் அதிகமில்லையா என்று கேட்டார், நீங்கள்தானே சாட்சி என்றேன், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது உன் நினைவுதான். நாலு வருடமாக ஞாயிறு தவறாமல் "ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா" என்கிறாய், நானும் சரிடா என்று தலையாட்டி வைத்துவிடுகிறேன். உனக்கு வேலை போனதும் வேறு கிடைத்ததும் உன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கோபமில்லை, வருத்தம் உண்டு. சின்ன வயதில் நீ விழுந்து அழும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வாயை மூட வைத்தவளும் நான்தானே.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சரியில்லாத ஒன்றைச் சொல், சின்னதானாலும் போதும், அது உன் இலக்கு. அறிவுரை சொல்லாமல் கேட்பது என் இலக்கு, மதிப்பெண்ணை நீயே போடு. குழாய் விஷயத்தில் அப்பாவுக்கு இன்னும் பூஜ்யம்தான்.

நீ நல்லா இல்லாத நாளிலும் உனக்கு
அம்மா