மாப்பிள்ளைக்கு அரைக்க ஒரு கை பிளெண்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் இடது ஆள்காட்டி விரல் நீங்கலாக, அது மூன்றாவது குறிப்பில் வருகிறது, பதறாதே. அங்கே நீ சுகமா, மாப்பிள்ளைக்கு நேற்றைவிட இன்று ஒரு கரண்டியாவது கூடுதலாக உள்ளே இறங்கியதா, இதுதான் இப்போது நாங்கள் கேட்டறிய விரும்பும் நலம். சொல்ல வந்ததைப் பதற்றத்தில் விட்டுவிடுவேன் என்பதால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நீங்கள் குடியிருக்கும் படகின் மின்சாரம் எந்தக் கருவியைத் தாங்கும்.
2. அந்தச் சமையலறையில் அதை எங்கே வைப்பது.
3. கத்தியும் விரல்களும்.
4. கட்டி இல்லாமல் அரைப்பது, அதைச் சோதிப்பது.
5. கருவியை யார் பிடிப்பது, மாப்பிள்ளை சாப்பிடும்போது நீ எங்கே இருப்பது.

போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியை ஆறு தடவை கேட்டுவிட்டேன். "ஒண்ணுமில்லப்பா, ஒரு கேரட் துண்டு அரைபடாம இருந்திருக்கு, புரை ஏறிடுச்சு, கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். சிரிப்புக்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறாய், அது எனக்குக் கேட்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு நேரம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தொண்டை அறுவை முடிந்து ஏழு வாரத்தில் நான்கு கிலோ குறைந்துவிட்டார், இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் மறுபடியும் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவோம் என்று நர்ஸ் சொன்னதையும் நீ வானிலை அறிக்கை மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அந்தக் குழாய் இருந்த நாட்களில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார் என்று நீதானே எழுதினாய். முப்பத்தோரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவன் நான், இரண்டு கிலோ எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். இதற்கு முன் எனக்கு அந்த எடையைக் கண்டு பயம் வந்ததில்லை.

முதலாவது, மின்சாரம். நம் வீட்டிலிருந்து நீ கொண்டுபோன மிக்ஸி உங்கள் இன்வர்ட்டரை ஏன் புகைய வைத்தது என்று மாடி வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன், தெருவே ஃபியூஸ் என்று கூப்பிடுமே அவரிடம்தான். மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது இழுப்பது இரண்டு மூன்று மடங்கு, உங்கள் இன்வர்ட்டர் அந்த முதல் இழுப்பைத்தான் தாங்கவில்லை என்றார். "சார், படகுக்குப் போய் மிக்ஸியக் குடுத்தனுப்பினீங்களா, கூடவே ஒரு ஆட்டுக்கல்லையும் ஏத்தியிருக்கலாமே, நங்கூரத்துக்காவது ஆயிருக்கும்" என்று அவர் சொன்னதற்கு உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அந்த மிக்ஸியைக் கொண்டுபோகச் சொன்னவன் நான்தானே. ஆகவே வயர் உள்ளது வேண்டாம், பேட்டரியில் ஓடும் கை பிளெண்டர்தான் சரி. படகுக் கூரையின் சூரியத் தகட்டில் நல்ல வெயில் விழும் மதிய நேரத்தில் தினமும் சார்ஜ் போட்டுவிடு, பாதிச் சாப்பாட்டில் நின்று போகக் கூடாது. நின்று போனால் என்ன செய்வது என்று யோசித்து ஒரு சின்ன இரும்புச் சல்லடையும் மரக்கரண்டியும் உனக்கு அனுப்பும் பெட்டியில் வைத்திருக்கிறேன், வெந்ததை அதில் தேய்த்தால் கையாலேயே மசிந்துவிடும். சல்லடையும் கிழிந்தால் என்ன செய்வது என்று யோசித்தபோது அம்மா விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டாவது, இடம். நீ எழுதியனுப்பிய அளவை வைத்து உன் சமையலறையைக் கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன், ஐந்தடிக்கு மூன்றடி, அடுப்பு, தொட்டி, அந்தக் குறுகலான பலகை எல்லாம். அதற்குள் நின்று கையை நீட்டிப் பார்த்தபோது நீ எவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறாய் என்று முதல் தடவையாகப் புரிந்தது. அன்று மாலையே அம்மா தரையைத் துடைத்துவிட்டாள், "உங்க மக படகுல தண்ணி பூந்துருச்சு, அடுப்பு கரைஞ்சு போச்சு, போய்ப் பாருங்க" என்றாள். மறுபடி வரைந்தேன். படகு ஆடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க மேசையின் காலைப் பிடித்து ஆட்டச் சொன்னேன், அவள் ஆட்டிய ஆட்டத்தில் எந்தக் கப்பலும் கவிழ்ந்திருக்கும், பாத்திரம் போய்ச் சுவரில் அடித்தது. அதனால் தெரிந்தது இதுதான், பாத்திரத்தைப் பலகைமேல் வைக்காதே, தொட்டிக்குள் ஈரத்துணி விரித்து அதன்மேல் வைத்து அரை, எங்கும் போகாது. கருவியைக் கத்தியுள்ள தண்டு வேறு, கைப்பிடி வேறாகக் கழற்றிக் கரண்டிகள் இருக்கும் இழுப்பறையில் படுக்க வை, ஆணியில் தொங்கவிடாதே. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, மேசையை ஆட்டியதால் அல்ல, மருந்தால். பெரியத்தைக்குக் கண் அறுவை நன்றாக முடிந்தது, கட்டுப் பிரித்தவுடன் என்னைப் பார்த்து, நான் இவ்வளவு கிழவனாகிவிட்டேன் என்று யாரும் சொல்லவே இல்லையே என்றாள்.

மூன்றாவது, விரல். கடையில் இரண்டு கருவிகள் தேறின, இரண்டையும் வாங்கிவிட்டேன், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளை லேசானது, பொத்தானைத் தொட்டால் போதும், ஓடும். கறுப்பு கனமானது, பொத்தான் விறைப்பு, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். வெள்ளையைக் கழுவும்போது கத்தியில் பூசணி நார் சுற்றியிருந்தது. நான் ஜாக்கிரதைக்காரன், முதலில் சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் விரலை உள்ளே விட்டேன். வயரைப் பிடுங்கினால் மின்சாரம் போய்விடும் என்பது மிக்ஸியிடம் படித்த பாடம், இதற்குள் பேட்டரி இருக்கிறது என்பதை வாங்கும்போது தெரிந்து வைத்திருந்தவன் கழுவும்போது மறந்துவிட்டேன். மற்ற கை பொத்தானில் பட்டது. இரண்டு தையல், ஆழமில்லை. மேலே ஒரு பூட்டு இருக்கிறதாம், தள்ளிவிட்டால் பொத்தான் வேலை செய்யாதாம், தையல் போட்டுக்கொண்டு வந்து, கருவியோடு வந்த காகிதத்தைப் படித்தேன். ஆகவே எந்தக் கருவியானாலும் அரைத்து முடித்ததும் முதல் வேலை தண்டைக் கழற்றுவது, கழுவுவது அதற்குப் பிறகுதான். வெள்ளையை உனக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. ஆடுகிற படகில் தொட்டால் ஓடுகிற பொத்தான் வேண்டாம். நீ இங்கே விட்டுப்போன தோட்டக் கையுறையில் பஞ்சை அடைத்துப் பிடிக்க வைத்துப் பார்த்தேன், கறுப்பின் கைப்பிடி உன் கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கறுப்பைத்தான் கட்டியிருக்கிறேன்.

நான்காவது, கட்டி. இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கேரட்டைச் சின்னதாக நறுக்கி, கத்தி வைத்தால் தானாக இறங்கும் அளவுக்கு வேகவிடு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரை. அகலப் பாத்திரத்தில் கத்தி துரத்தத் துரத்தத் துண்டு ஓடிக்கொண்டே இருக்கும், உயரமான ஒடுங்கிய பாத்திரம்தான் வேண்டும், அதுவும் பெட்டியில் இருக்கிறது. அரைத்ததைச் சல்லடையில் ஊற்று, ஒரு பருக்கை நின்றாலும் திரும்ப அரை, நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொள்ளாதே. பிறகு கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார், மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், தண்ணீராக ஒழுகினால் அதுவும் அவர் தொண்டைக்கு ஆபத்து என்று நர்ஸ் சொன்னதாக எழுதியிருந்தாயே. இரண்டு நாளாக நானும் அரைத்ததை மட்டுமே சாப்பிடுகிறேன். தராசில் கை வைக்கும் முன் நாங்கள் கொண்டுபோகும் எடைக்கற்களையே சரிபார்ப்போம், அந்தப் பழக்கம். சோறும் கோழியும் சேர்த்து அரைத்தால் ருசி இருக்கிறது, உருளைக்கிழங்கை மட்டும் அதிகம் அரைக்காதே, பசையாகிவிடும், போஸ்டர் ஒட்டலாம்.

ஐந்தாவது சுருக்கமானது. கருவியை மாப்பிள்ளை கையில் கொடுக்காதே. கழுத்தில் அறுத்ததில் தோள் நரம்பும் பட்டு வலது கையில் கனம் தூக்க முடியாமல் இருக்கிறார், அவர் அவசரத்தில் அரைகுறையாக அரைத்துவிடுவார். படகுத்துறை அலுவலகத்திலிருந்து நீ ஒரு மணிக்கு வந்து நீயே அரை, அதுவரை அவர் காத்திருக்கட்டும். சாப்பிடும்போது நேர் எதிரே உட்கார், தொண்டையிலிருந்து கண்ணை எடுக்காதே, ஒரு கரண்டி இறங்கியதை உன் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. நீங்கள் போனில் சொன்னதிலிருந்து அப்படித்தான் செய்கிறேன், ஆனாலும் பாதிக்கு மேல் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார் என்கிறாய். பரவாயில்லை, இன்னும் கவனமாகப் பார். இந்த ஒரு குறிப்பை மட்டும் நான் சோதிக்கவில்லை, இது சோதிக்காமலே தெரிகிற விஷயம்.

படகை விட்டுக் கரையில் ஒரு அறை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன், அம்மா கூடாது என்றாள், மாப்பிள்ளை படகு எஞ்சின் சத்தம் கேட்காமல் இன்னும் இளைத்துப் போவார் என்றாள், எழுதவில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உன் குரலும் மெலிந்திருக்கிறது. அவர் தொண்டை ஆறி, நீங்கள் இருவரும் பழையபடி சண்டை போட்டுக்கொண்டு நூறு வயது இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஞாபகம், முதலில் தண்டைக் கழற்று, பிறகு கழுவு.

உன் நன்மையை நாடும்,
அப்பா

பின் குறிப்பு. மேலே உள்ளதை எழுதி முடித்தது நேற்று. பெட்டியை ஒட்டுவதற்கு முன் அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "எல்லாத்தையும் சோதிச்சீங்களே, அஞ்சாவத மட்டும் ஏன் விட்டீங்க, உக்காருங்க" என்றாள். இன்று மதியம் அவளே அரைத்தாள், என்னைக் காக்க வைத்தாள், எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் தொண்டையையே பார்த்தாள். நீ எழுதியபடியே, நான் எழுதியபடியே. முதல் கரண்டி போயிற்று. இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு எப்படி விழுங்குவது என்று யோசித்தேன், அறுபத்தொன்பது வருடமாக யோசிக்காமல் செய்த வேலை. மூன்றாவது கரண்டியில் எனக்குப் புரை ஏறியது. என் தொண்டையில் ஒரு குறையும் இல்லை மகளே, கட்டியும் இல்லை, சல்லடையில் நானே ஊற்றிப் பார்த்தது. இருமி முடித்ததும் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வேண்டாம் என்றேன். பாதிகூட ஆகவில்லை. "பசிக்கலையா" என்றாள். பசித்தது, பார்த்துக்கொண்டிருந்தால் இறங்கவில்லை என்றேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு, "அப்ப அந்தப் பையன் இத்தனை நாளா இப்படித்தான் உக்காந்திருக்கானா" என்றாள்.

சாயங்காலம் நானே அரைத்தேன். கட்டுப் போட்ட கை பாத்திரத்தைப் பிடிக்க, மற்றொரு கையால் கறுப்பை ஒரு நிமிடம்கூடப் பிடிக்க முடியவில்லை, வெள்ளையை எடுத்தேன், பூட்டைத் திறந்து, அரைத்து, பூட்டி, தண்டைக் கழற்றினேன். அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே கிண்ணத்திலிருந்து எடுத்துத் தின்றாள், உப்பில்லை, இதைவிட உங்கள் உருளைக்கிழங்குப் பசையே மேல் என்று திட்டிக்கொண்டே இருந்தாள், பதில் சொல்லிக்கொண்டே நானும் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டேன், எத்தனை கரண்டி என்று எண்ண மறந்துவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னக் கரண்டியால், பக்கத்தில் ஒருவர் இருக்கச் சாப்பிடலாம் என்றுதானே நர்ஸ் சொன்னார். பக்கத்தில் என்றதை எதிரே என்று ஆக்கியவன் நான், உன்னையும் அப்படி ஆக்கிவிட்டேன். நான் அளந்தது உன் கையை, மாப்பிள்ளை கையை அளக்கவே இல்லை. நர்ஸிடம் இதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், நர்ஸ் சரி என்றால் நீ ஒரு மணிக்கு வரும்போது மாப்பிள்ளையே அரைத்து வைத்திருக்கட்டும், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து அதிலேயே சாப்பிடு.

பெட்டியில் இருந்த கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்து ஒட்டிவிட்டேன். என் பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஐந்தாவது குறிப்பு தவறு. அதன்மேல் ஒரு கோடு போடப் பார்த்தேன், பேனா நகரவில்லை, நீயே அடித்துவிடு.