அட்டைக்குக் கீழே இருந்த கடிதம்

ஏப்ரல் 26, 1999. திங்கள்

காலையிலிருந்து பனி. பதினொரு மணிக்கு மேல்தான் எதிர்மலை தெரிந்தது. லீவு. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு அவமானமாக இருந்தாலும். யாருக்கும் காட்டப்போவதில்லை. அதனால் பொய் சொல்லத் தேவையும் இல்லை.

அம்மாவுடன் ஆபீஸ். ஏழெட்டு காப்பி எஸ்டேட்டுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஆபீஸ். அங்கே உள்ள மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அம்மா வேலை. எஸ்டேட் கடிதங்கள் எல்லாம் போன் வழியாக இந்த மெஷினுக்கு வரும். காலை ஒன்பது, சாயங்காலம் ஆறு, இரண்டு வேளை எங்கள் மோடம் சேலத்துக்கு டயல் செய்து மொத்தமாக அனுப்பும்.

அம்மா தினமும் செய்வது:
– யாராவது தப்புப் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தார்களா என்று லாக் (யார் என்ன செய்தாலும் மெஷின் தானே எழுதிவைப்பது) படிப்பது
– எல்லாவற்றையும் பிளாப்பியில் ஒரு காப்பி எடுத்து வைப்பது
– இடி கேட்டால் முதலில் மோடத்துக்குப் போகும் போன் ஒயரைப் பிடுங்குவது
– போய்ச் சேராமல் திரும்பிய கடிதங்களுக்கு வழி செய்வது

கடைசி வேலைக்கு ஒரு அட்டை. பழைய காலண்டரின் பின்பக்கம், கத்தரித்தது. திரையின் கீழ்ப்பாதியை மறைத்து டேப் போட்டிருக்கிறாள். யார் எழுதியது, யாருக்கு, ஏன் திரும்பியது, இவை மட்டும் மேலே தெரியும். கடிதம் அட்டைக்குப் பின்னால்.

கொட்டச்சேடு எஸ்டேட் கம்ப்யூட்டரில் போன வாரம் இடி விழுந்தது. ரிப்பேர் ஆகும்வரை அதன் மெயில் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறாள், வேறு யாரும் நுழையாமலிருக்க.

சாயங்காலம் பலாப்பழம். வயிற்று வலி.

ஏப்ரல் 27, செவ்வாய்

வெயில், புழுக்கம். எங்கள் மோடம் அடிக்கடி பாதியில் நின்றுவிடுகிறது, புதிது வாங்க அம்மா சேலம் போனாள். பாஸ்வேர்டை என் காதில் சொன்னாள். எழுதக்கூடாது. (எழுதவில்லை.)

பத்து மணிக்கு ஒரு கடிதம் திரும்பி வந்திருந்தது. கொட்டச்சேடு எஸ்டேட்டில் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டர் செல்லமுத்து அய்யா பெங்களூர் முதலாளிக்கு எழுதியது. நாலு நாள் முயன்றும் அந்த ஊர் மெஷின் எடுக்கவில்லை. அவருக்கே திரும்ப வேண்டியது, அவர் கணக்கு நிறுத்தியிருப்பதால் எங்களிடம் நின்றுவிட்டது. அட்டை விழுந்துவிட்டது, கண்ணில் பட்டுவிட்டது.

மேலே எழுதியது பொய். அட்டை விழவில்லை. நான்தான் தூக்கினேன். அட்டை விளிம்பில், முதல் வரியில் அம்மா பெயர் பாதி தெரிந்தது.

ஆங்கில எழுத்தில் தமிழ். தன் மகள் சம்பந்தம் பற்றிக் கோயம்புத்தூருக்கு எழுதினாராம், மூன்றாம் நாளே கடைவீதியில் அதைப் பற்றி அவரிடமே விசாரித்தார்களாம். ஆபீஸ் அம்மா எல்லார் கடிதத்தையும் படிக்கிறார், அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். முதலாளிதான் இந்த வருஷம் ஆபீஸுக்குத் தலைவர். அவர் சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

அழிக்க ஒரு கட்டளை போதும். அழிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. அம்மா லாக் பார்ப்பாள்.

ஏப்ரல் 28, புதன்

மழை இல்லை. காக்கைகள் நிறைய. புது மோடம் வேலை செய்கிறது.

அம்மா திரும்பிய கடிதத்தைப் பார்த்தாள். மேல்பாதி மட்டும். எஸ்டேட்டுக்குப் போன் போட்டாள். ரைட்டர் அய்யா நாளைக்கு வருகிறார், மறுபடி அனுப்புவதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும் என்றாள். நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவர் எழுதியது உண்மையாகிவிடும். அம்மா படிக்கவில்லை, ஆனால் அம்மாவின் பாஸ்வேர்டு படித்தது.

கணக்கு நோட்டில் இரண்டு பாடம். ஒன்றும் ஏறவில்லை.

ஏப்ரல் 29, வியாழன்

மதியம் தூறல். மூன்று மணி பஸ்ஸில் ரைட்டர் அய்யா. குடை, மஞ்சள் பை. அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க அம்மணி, ஒயர்ல நேரா பெங்களூர் போயிருமுன்னுல்ல நெனச்சேன். இங்கயா நிக்குது?"

"இங்க நின்னுதானுங்க போகும்."

"அப்ப நீங்க படிச்சிருப்பீங்க."

அம்மா அட்டையைக் காட்டினாள். இதற்குக் கீழே தான் பார்ப்பதில்லை என்றாள். அவர் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. "அட்டைய ஒட்டி வெச்சா பூட்டாயிருமுங்களா?"

"நான் படிச்சேனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அம்மா சேலத்தில் இருந்தபோது, நான் மட்டும்.

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "முழுசுமா, கண்ணு?"

"முழுசும்ங்க."

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கடிதம் உங்களுடையது, என்ன எழுதியிருந்தாலும் அனுப்புவது என் வேலை என்றாள். பாஸ்வேர்டை மகளிடம் கொடுத்தது தன் தப்பு, அதைத் தனியாகத் தலைவருக்கு எழுதுவதாகவும் சொன்னாள். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு, அனுப்பணும், ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்க்கணும் என்றார். அம்மா அட்டையை எடுத்துவிட்டு, எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள்.

ஒற்றை விரலில் டைப் செய்தார். ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிச் சொல்லி. ஜன்னல் திறந்திருந்தது. "இந்தப்... பிள்ளை..." ரோடு வரை கேட்டிருக்கும். எஸ்டேட் ஆபீஸில், சம்பளத்துக்கு நிற்கும் அத்தனை பேர் நடுவிலும் இப்படித்தானே டைப் செய்திருப்பார். கோயம்புத்தூர்க் கடிதத்தைக் கடைவீதிக்குக் கொண்டுபோனது அவர் வாயேதான்.

அம்மாவுக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து, தூறலோடு, கேட் தாண்டி, பஸ் ஸ்டாப் புளியமரம் வரை இழுத்துப்போனாள். அந்த வரியின் மீதி எங்களுக்குக் கேட்கவில்லை.

"அவர்கிட்ட சொல்லும்மா, அவரேதான்னு."

"லெட்டர் போகட்டும். அப்புறம் சொல்றேன்."

"அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"இப்ப சொன்னா அவரு லெட்டர மாத்துவாரு. அது அவரு எழுதினதாவே போகட்டும்."

அவர் ஐந்து மணி பஸ்ஸில் போனார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார், ஏன் என்று தெரியவில்லை. அம்மா தன் கடிதத்தை எழுதினாள், நாலே வரி. பிறகு பாஸ்வேர்டை மாற்றினாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

ஆறு மணி. டயல் சத்தம். கிளம்பிய கடிதங்கள் பதினொன்று. அவருடையதும் அம்மாவுடையதும் அதில். அவர் கடிதம் அனுப்பும் வரிசையில் கிடந்த ஒரு மணி நேரமும் அட்டை இல்லாமலே திரை இருந்தது. நான் பார்க்கவில்லை. இது உண்மை.

தூரத்தில் இடி. அம்மா மோடத்தின் ஒயரைப் பிடுங்கினாள். பிறகு, என்னிடம் சொன்னபடியே, கொட்டச்சேட்டுக்குப் போன் போட்டு, ரைட்டர் அய்யா வந்ததும் தன்னிடம் பேசச் சொன்னாள். அட்டையைப் பழைய இடத்தில் ஒட்டினாள். மோடத்தின் சிவப்பு விளக்குகளை அணைத்தாள்.