என் கைக்கு மட்டும் அடங்கும் லாரி

மார்ச் 3, திங்கள்

அகபா துறைமுகத்தில் பாஸ்பேட்டை இறக்கிவிட்டு எங்கள் ஊர் மஆன் வந்து சேர்ந்தேன். ஸ்டியரிங் பாக்ஸுக்கு மறுபடியும் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. சீல் கசிகிறது. கசியட்டும். இந்த முத்லக், அதாவது நான், எங்கே நின்று டீ குடித்தேன் என்று இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தரையைப் பார்த்தால் போதும்.

ஸ்டியரிங்கில் ஆட்டமும் கூடியிருக்கிறது. கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகிறது. அதனால் வளைவு வருவதற்கு முன்பே திருப்பத் தொடங்குவேன், வளைவு முடிவதற்குள் நேராக்கத் தொடங்குவேன். லேசில் வருகிற வித்தையா இது? துறைமுகத்தில் ஒரு டிரைவர் என் வண்டியை ஓரங்கட்டப் பார்த்து, வேர்த்து விறுவிறுத்து இறங்கி ஓடினான். அந்தக் கதையை இன்றும் டீக்கடையில் சொன்னேன். இன்றும் சிரித்தார்கள்.

மார்ச் 5, புதன்

என் மனைவி வத்ஹா மறுபடி ஆரம்பித்துவிட்டாள். முற்றமெல்லாம் எண்ணெயாம். நான் கிளம்பிப் போனால் திரும்பி வரும்வரை அவளுக்கு நெஞ்சு படபடக்கிறதாம். வண்டியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று எழுத வந்தேன். என்னைப் பற்றி எல்லாம் தெரியும், அதுதான் தொல்லை.

மெக்கானிக் ஜிர்யிஸும் அதே பாட்டுத்தான். ஸ்டியரிங் ஷாஃப்டை மாற்று, சீலை மாற்று. மாற்றிவிட்டால் இந்த வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அப்புறம் நான் எதற்கு?

மார்ச் 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வத்ஹாவின் தம்பி முஃப்லிஹ் வந்தான். தனியாக அல்ல. அவன் பெரியப்பா ஹாஜி ஸாயிலும், உறவில் இன்னும் சில பெரியவர்களும். ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து சும்மா இருக்கிறான் பயல். பெண் கேட்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கஹ்வா காப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஹாஜி ஸாயில் கப்பை வாங்கி, வாயில் வைக்காமல் தனக்கு முன்னால் தரையில் வைத்தார். கப் தரையில் இருந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். கேட்டதைக் கொடுக்காமல் அதை ஆறவிட்டவன் அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

"இவன் உன் வண்டியில ஒரு லோடு அகபாவுக்குக் கொண்டுபோகட்டும் முத்லக். தனியா. அதைக் கேக்கத்தான் வந்தோம்."

"குடிங்க ஹாஜி. கேட்டது கிடைச்சாச்சு."

சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். உள்ளுக்குள்ளும் சிரிப்புதான். ஊர் எல்லையில் இருக்கும் ரவுண்டானாவைக்கூடத் தாண்டமாட்டான். வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்து வருவான்.

மார்ச் 8, சனி

இல்லை. தாண்டிவிடுவான்.

ராணுவத்தில் ஓட்டினவன், எப்படியோ சமாளித்துப் பாலைவனச் சாலையில் ஏற்றிவிடுவான். அங்கே நேர்கோடுதான், ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு ராஸ் அந்நக்ப் மலை இறக்கம் வரும். முழு லோடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கால் சுற்று சுற்றியும் வண்டி திரும்பவில்லை என்றால் அவன் என்ன செய்வான்? இன்னும் சுற்றுவான்.

வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. கஹ்வாவைக் குடித்துவிட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வத்ஹா ஆட்டுக்கறி போட்டு மன்சஃப் செய்திருந்தாள், தம்பிக்கு வழி பிறந்த சந்தோஷத்தில். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வண்டி ஆபத்து என்று சொல்லிவிடலாமா? சொன்னால், என்னய்யா, இத்தனை வருஷம் பீத்திக்கிட்டது வெறும் தேஞ்ச இரும்பையா என்று கேட்பார்கள். கேட்பார்கள் என்ன, நானே கேட்பேன். சொல்லாமல் விட்டால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

யாருக்கும் சொல்லாமல் வண்டியை ஜிர்யிஸிடம் விட்டேன். ஷாஃப்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருப்பினால் கால் சுற்றுவரை தனியாகச் சுற்றுகிறது. உள்ளே பல் என்று பேருக்குத்தான் மிச்சம்.

"இத்தனை நாளா நீ வண்டி ஓட்டல முத்லக். அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டு இருந்திருக்கே" என்றான். அவன் கிறிஸ்தவன். அவனுக்கே தெரிந்திருக்கிறது.

பழைய சீலைக் குத்தி எடுத்தான். பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டைத் துடைத்து, அதன் பற்கள் புது சீலின் உதட்டைக் கிழித்துவிடாமல் டேப் சுற்றி, சீலைத் தட்டி இறக்கினான். புது ஷாஃப்ட் மாட்டினான். எண்ணெய் விட்டு, காற்று போகும்வரை என்னை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஸ்டியரிங்கைச் சுற்றச் சொன்னான். விரல் வைத்தால் திரும்புகிறது. கேவலமாக இருந்தது.

வெளியே எடுக்கும்போது பழக்கத்தில் முன்கூட்டியே திருப்பிவிட்டேன். உடனே திரும்பிவிட்டது! ஜிர்யிஸின் பெயர்ப்பலகை சாய்ந்தது. வெயில் கண்ணில் அடித்தது என்றேன். வானம் மூட்டமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

முஃப்லிஹ் கிளம்பிவிட்டான். நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

வந்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ். நிஜமாகவே கண் கலங்கியது எனக்கு.

உடனே வற்றியும் விட்டது. வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கேட்கிறான்: "ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கு மச்சான். இதையா யாராலும் ஓட்ட முடியாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் போய்க் கஹ்வா எடுத்து வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று நான் ஓட்டினேன், முஃப்லிஹ் பக்கத்தில். நேர் சாலையிலேயே வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது. என் கைகள் இன்னும் அந்தப் பழைய இரும்பைத் தேடிக்கொண்டிருக்கின்றன. சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் நிறுத்தி, தூங்கினீர்களா என்று மரியாதையாகக் கேட்டான். பிறகு, அதைவிட மரியாதையாக, தம்பியை ஓட்டச் சொல்லுங்கள் என்றான்.

ராஸ் அந்நக்பை முதல் தடவையாகப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். அவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

முஃப்லிஹ்தான் ஓட்டுகிறான். பெண் வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள். இந்த வண்டி முஃப்லிஹ் கைக்கு நன்றாக அடங்குகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

வத்ஹாவிடம் கொட்டித் தீர்த்தேன். ஷாஃப்ட், சீல், எல்லாவற்றையும். அவள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும். பத்தாம் தேதியிலிருந்து தரை காஞ்சு கிடக்கு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"பெரியப்பாவை அனுப்பினதே நான்தான். உங்க உயிருக்காகச் சரி பண்ணுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன், கேக்கல. என் தம்பி உயிருன்னா பண்ணுவீங்கன்னு தெரியும்."

எனக்குக் கோபம் வரவேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை.

"பண்ணாம விட்டிருந்தா?"

"தரை ஈரமா இருந்திருந்தா அவனை ஏற விட்டிருப்பேனா?" என்றாள். பிறகு துடைப்பத்தை வைத்துவிட்டு அழுதாள். நானும்தான்.

மார்ச் 28, வெள்ளி

ஜும்ஆ முடிந்து முஃப்லிஹ் வீட்டுக்குத் தனியாகப் போனேன். கஹ்வா ஊற்றிக் கொடுத்தான். வாங்கித் தரையில் வைத்தேன்.

பயல் பதறிப்போனான். "என்ன மச்சான் இது?"

லோடு இல்லாத நாளில் ஊருக்கு வெளியே மைதானத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வண்டி ஓட்டப் பழக்க வேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன். ஆமாம், என் சொந்த வண்டியைத்தான்.

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். கப்பிலிருந்து வந்த ஆவி அடங்கிவிட்டது.

"குடிங்க மச்சான். ஆனா ராஸ் அந்நக்ப் இறக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்கு என்கிட்டேயே இருக்கட்டும்."

எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.