ஷகீலாவுக்குக் கொடுத்த சாப்பாட்டு நோட்டு

பிப். 10, செவ்வாய்
பனி. எட்டு மணிக்குத்தான் வெயில். மாடியில் குடியிருக்கும் ஷகீலா ஒரு நோட்டு கொடுத்தாள். இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஏழு நாள் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, விழுங்கச் சிரமமா, எல்லாம் எழுத வேண்டும். தவறினால் தாளைக் கிழிக்கக் கூடாதாம். ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. நான் படித்த கான்வென்ட்டில் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதவைப்பார்கள்.
நோட்டில்: இட்லி 3. சிரமம் இல்லை.
உண்மையில்: அரை இட்லி. நெஞ்சில் நின்றது. வெந்நீர்.

11, புதன்
கரன்ட் இல்லை. மெழுகுவத்தி வாங்க வேண்டும். மதியம் ரசம் மட்டும் இறங்கியது. வேலைக்கு வரும் வள்ளி தட்டைப் பார்த்துவிட்டாள். "இன்னாம்மா, இன்னிக்கும் காக்காவுக்கா? ஊர்லயே நம்ம வூட்டு காக்காதான் குண்டு." உன் வேலையைப் பார் என்றேன்.
நோட்டில்: சோறு 1½ கப், அவரைக்காய்ப் பொரியல்.

13, வெள்ளி
ஜாக்கெட்டுகளைப் பிடிக்கக் கொடுத்தேன். இரண்டு அங்குலம்.
ஷகீலா நோட்டைப் புரட்டினாள். "எவ்ளோ நீட்டா எழுதறீங்கம்மா! கரியாலூர் மலையில ஆராய்ச்சிக்குப் புதுசா சேர்றவங்களுக்கு இதைக் காட்டித்தான் சொல்லிக்குடுக்கப் போறேன்." போனில் படம் எடுத்தாள். தடுக்கவில்லை.

14, சனி
ஷகீலா மலையிலிருந்து நாலு மணிக்கு வந்தாள். அங்கே ஒரு பெண் எழுதிய நோட்டு, பெயரை மறைத்துக் காட்டினாள். ஏழு நாளும் ஒரே வரி. "சாமைக்கஞ்சி. பாதி. நிக்குது." கோணல் எழுத்து. குறை சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள், "இவங்களுக்கு திங்கக்கிழமை குழாய் வுட்டுப் பாக்கறாங்கம்மா. மறைக்காம எழுதினாங்க, நல்லதாப் போச்சு."
எனக்குத் தீபாவளியிலிருந்து நிற்கிறது. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி வரை டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை. அப்போது அவரை எவ்வளவு திட்டினேன்.

15, ஞாயிறு
மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை.
ராத்திரிச் சாப்பாட்டையும் பழையபடியே எழுதிவிட்டு, ஸ்கேல், நீலப் பேனா எடுத்தேன். ஆறு நாளுக்கும் ஒற்றைக் கோடு. மேலே உண்மை. அரை இட்லி. ரசம். நின்றது. நின்றது. சுருக்கொப்பம் பதினெட்டு. பக்கமே பார்க்கச் சகிக்கவில்லை.
ஷகீலா நின்றபடி படித்தாள். உட்கார்ந்துவிட்டாள்.
"எப்போலேர்ந்தும்மா?"
சொன்னேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பழைய படத்தை அழித்துவிடு, இந்தப் பக்கத்தைக் காட்டு என்றேன்.

16, திங்கள்
பனி இல்லை. வெறும் வயிறு. வாசலில் ஆட்டோ. கரியாலூர்ப் பெண்ணுக்கு அடுத்து நான்.
வள்ளி: "அப்ப காக்காவுக்கு இன்னிக்கு இன்னா வெக்கிறது?" கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.
நோட்டில், ஏழாம் நாள் காலை: ஒன்றுமில்லை. கோடு தேவைப்படாத முதல் வரி.