பார்த்ததைச் சொன்னேன்

13.2.2001
காலையில் குழாயடியில் நின்றிருந்தேன். நாலு போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் போவதைப் பார்த்து ஓடினேன். பெட்டி, பாய், அரிசிப் பானை எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். கடைசியில் கொடியில் கிடந்த என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸின் நீலச் சட்டையை உருவிக்கொண்டு போனார்கள். தேசப்பனை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்களாம். இவரும் தேசப்பனும் ஒரே விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். இவரை விடியற்காலையிலேயே காசிமேட்டில் பிடித்துவிட்டார்களாம். ஸ்டேஷனில் பார்க்க விடவில்லை.

16.2.2001
கொலை நடந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் அடிதடி என்று தெருவே பேசுகிறது. அன்று இவர் நேரம் கழித்துத்தான் வந்தார். மறுநாள் சட்டையைத் துவைத்தது நான்தான். கறை இருந்ததா? மீன் அள்ளுகிறவர் சட்டையில் என்றைக்குத்தான் கறை இல்லை?

7.8.2002
செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஸ்டானிஸ்லாஸையே வீட்டுக்குக் கூட்டி வந்தார்களாம், ரத்தக்கறை படிந்த சட்டையை அவரே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். போலீஸ் சொல்வது இது. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் எங்கள் தெரு ஆட்களே இல்லை. அவரைக் கூட்டி வரவே இல்லை, சட்டை கொடியில் இருந்தது என்றேன்.
அரசு வக்கீல் கேட்டார்: "கொலை பண்ணது உங்க புருஷன் இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"
"அது எனக்குத் தெரியாது சார். வூட்ல நடந்ததத்தான் பாத்தேன்."
எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

19.9.2002
ஆயுள் தண்டனை. புருஷனைக் காப்பாற்ற மனைவி பொய் சொல்கிறாள் என்று தீர்ப்பில் இருக்கிறதாம். பொய் சொல்றதுன்னா அவரு குத்தலன்னே சொல்லியிருப்பேனே. இன்னா மனுசங்க இவங்க—

3.3.2004
ஜெயிலில் பார்த்தேன். இளைத்துவிட்டார். "சட்டையில போலீஸ்காரங்கதான் இன்னாவோ பூசிட்டாங்க" என்றார். கொலையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

12.4.2005
ஹைகோர்ட்டில் விடுதலை. அவ்வளவு நெருக்கமான தெருவில் ஒருவரைக்கூடக் கூப்பிடாமல் வெளி ஆட்களைச் சாட்சி வைத்தது ஏன் என்று நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள். மனைவி என்பதற்காகவே என் பேச்சைத் தள்ளியது தப்பாம். அந்தச் சட்டையை விட்டால் வழக்கில் வேறொன்றும் இல்லையாம். வக்கீல் சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன்.

20.4.2005
தேசப்பன் மனைவி கன்னியம்மா வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றாள்.
"உன் மேல கோவம் இல்ல டோரதி. அப்ப எங்க வூட்டுக்காரர யாரு குத்துனாங்க? அத மட்டும் உன் புருஷன சொல்லச் சொல்லு."
அவர் உள்ளேதான் படுத்திருந்தார். எழுந்து வரவில்லை.
அவள் போன பிறகு கேட்டேன். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் வாய் வந்தது. "நீதான் குத்துனியா?"
"கோர்ட்டே வுட்டுடுச்சு. இப்ப இன்னாத்துக்கு அது?"
இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

2.6.2005
முகத்துவாரக்குப்பம். வக்கீல் போன் செய்தார். அரசாங்கம் டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீடு போனாலும் போகலாம், என் சாட்சியம்தான் பலம் என்றார்.
"சொன்னது சொன்னதுதான் சார். மாத்த மாட்டேன்."
"வீட்ல அவர் எப்படி இருக்கார்?"
"தெரியாது சார். நான் எங்கம்மா வூட்டோட வந்துட்டேன்."