எலும்பைக் கழுவ ஓர் ஒயின்

14 ஜனவரி 2019, திங்கள்

நகராட்சியிலிருந்து கடிதம். புதைத்து மார்ச்சோடு மூன்று வருடம் முடிகிறதாம்; இங்கே கிரீஸில் குழி அவ்வளவு நாளைக்குத்தான். ஸ்டாமாத்திஸைக் குழியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அடுத்தவருக்கு இடம் வேண்டும். மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணி. என் மகனுக்கு மண்ணுக்குள்ளும் வாடகை வீடுதான்.

கல்லியோப்பி அக்காவுக்கு போன் போட்டேன். புருஷன், மாமனார், மாமியார் என்று மூன்று பேரை எடுத்துப் பார்த்தவள். "ஒரு வெள்ளைத் துணி, ஒரு தகரப் பெட்டி, எலும்பைக் கழுவ ஒயின். அவ்வளவுதாண்டி" என்றாள்.

எந்த ஒயின் என்று கேட்டேன்.

"சிவப்பா இருந்தா சரி. சூப்பர் மார்க்கெட்ல அட்டைப்பெட்டியில விக்கிறானே, அதுல ஒண்ணு வாங்கு. அவன் என்ன ருசி பார்க்கவா போறான்?"

ஒயின் கடையில் ருசி பார்த்துத்தானே அவன் பிழைத்தான். அட்டைப்பெட்டி ஒயினில் கழுவினால் இன்னொரு முறை செத்துப்போவான்.

15 ஜனவரி

தூக்கமில்லை. எனக்குள் இருக்கும் பயம் ஒயினைப் பற்றியது அல்ல. அதை இங்கே எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

19 ஜனவரி, சனி

அவன் வேலை பார்த்த ஒயின் கடைக்குள் இன்றுதான் முதல்முறையாகக் கால் வைத்தேன். பிரேயஸ் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அவன் உயிரோடு இருந்தபோது நான் நடக்காத பத்து நிமிடம்.

முதலாளி திலேமாகோஸ், நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு எது ரொம்பப் பிடிக்கும் தம்பி, அதில் ஒரு பாட்டில் கொடுங்க, போய்விடுகிறேன் என்றேன்.

"அவனுக்கா? வாரம் ஒண்ணு பிடிக்கும்மா. நீங்களே குடிச்சுப் பார்த்து எடுங்க."

"நான் குடிக்கிறதில்ல. என் புருஷன் எனக்கும் சேர்த்துக் குடிச்சிட்டுப் போயிட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. ஒயினைப் பற்றி எதுவும் தெரியாதா என்று கேட்டார். கறை தெரியும் என்றேன். முப்பது வருடமாக லாண்டரியில் உணவுக்கடை மேசைத்துணிகளை வெளுக்கிறவள் நான். நெமேயா ஊர்ச் சிவப்பு கத்தரிக்காய் நிறத்தில் ஒட்டிக்கொண்டு மூன்று அலசலுக்கும் போகாது. வடக்கே நவூசாவிலிருந்து வருவது வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறமாகக் காயும். இதைச் சொன்னதும் மனுஷர் வாயைப் பிளந்தார்.

"அம்மா, இதைக் கத்துக்க ஆளுங்க வருஷக்கணக்கா படிக்கிறாங்க. புதன்கிழமை மத்தியானம் கடையில கூட்டம் இருக்காது. வாங்க."

30 ஜனவரி, புதன்

சாந்தோரினித் தீவின் வெள்ளை ஒயின். அசிர்த்திகோ என்று பெயர். எலும்புக்கு வெள்ளை ஆகாது, பழக்கத்துக்காகக் குடியுங்கள் என்றார். முகர்ந்தால் எலுமிச்சைத் தோல். வாயில் வைத்தால் உப்பு. கடலில் குளித்துவிட்டு உதட்டை நக்கினால் வருமே, அந்த உப்பு.

இரண்டாவது வாய் நானே கேட்டு வாங்கினேன். பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு வாயைக் கழுவினேன். பிள்ளையைப் புதைத்தவளுக்கு நாக்கு ஒரு கேடா? அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, "ஒரே ஒரு வாய்ம்மா, பிடிக்கலைன்னா துப்பிடு" என்று கெஞ்சியிருப்பான்.

8 பிப்ரவரி

எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். கப்பல் இன்ஜின் வேலையை உதறிவிட்டு வந்து நின்றான். "அம்மா, ஒயின் கடையில சேர்ந்துட்டேன்." அவன் அப்பா குடித்துக் குடித்து ஈரல் அழுகிச் செத்து அப்போது நான்கு வருடம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் மண் தெரியவில்லை. "போடா. நீ செத்தா மண்ணுகூட உன்னைக் கரைக்காது" என்றேன்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. பெற்றவள் வாயால் வந்தால் பலிக்கும் என்பார்கள். உடம்பு மண்ணுக்குள் அப்படியே கிடக்குமாம். நரம்பில்லாத நாக்கு, என்ன வேண்டுமானாலும் பேசிவிடும்.

அவன் சிரித்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறே சாப்பிட வந்தான். நானும் பரிமாறினேன். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அவனுக்கு ரத்தப் புற்று என்று டாக்டர் சொன்ன பிறகு எட்டு மாதம் கட்டில் பக்கத்திலேயே கிடந்தேன். அந்தச் சாபத்தைத் திரும்ப வாங்க ஒரு நிமிடம் போதும். மறந்திருப்பான், ஞாபகப்படுத்துவானேன் என்று இருந்துவிட்டேன். போகும்போது அவனுக்கு முப்பத்தொரு வயது.

பூஞ்சை பிடித்த மூடநம்பிக்கை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன? இருபத்தெட்டாம் தேதி குழியைத் திறப்பார்கள். அவன் கரைந்திருக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

13 பிப்ரவரி, புதன்

இன்று நவூசாவின் சிவப்பு, க்சினோமாவ்ரோ. முதல் வாயிலேயே முகம் கோணிவிட்டது. பழுக்காத பேரீச்சையைக் கடித்ததுபோல ஈறெல்லாம் இழுத்துக்கொண்டது. வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

"இருங்கம்மா. ரெண்டு மணி நேரம் காத்தாடட்டும்" என்றார் திலேமாகோஸ். காத்திருந்தேன். பிறகு குடித்தால் வெயிலில் காய்ந்த தக்காளி, ஆலிவ், எங்கோ ரோஜா. அதே ஒயின்தானா என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஸ்டாமாத்திஸ் வாடிக்கைக்காரங்ககிட்ட இதை ஊத்தும்போது என்ன சொல்வான் தெரியுமா? 'இது எங்கம்மா மாதிரி. திறந்த உடனே கிட்டப் போகாதீங்க, கடிச்சிடும். கொஞ்சம் பொறுத்தா இதைவிட நல்லது கிடையாது'ன்னு."

எழுத முடியவில்லை.

14 பிப்ரவரி

அதுதான். நவூசா. முடிவு செய்துவிட்டேன்.

20 மார்ச், புதன்

தவக்காலம். புதன்கிழமை ஒயின் தொடக்கூடாது. நான் தொட்டேன். எப்படியோ அக்காவுக்கு மூக்கு வேர்த்து, வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நோன்புக் காலத்துல கடையில உட்கார்ந்து குடிக்கிறியாமே. அந்த வேலைக்குப் போனான்னுதானே அந்தப் பேச்சு பேசின?"

எந்தப் பேச்சு என்று கேட்டேன்.

"நான் அன்னிக்கு உன் சமையல்கட்டுலதான் இருந்தேன், எவாந்தியா. காதுல விழுந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

ஆறு வருடம் சுமந்திருக்கிறாள். போகும்போது வாசலில் நின்று, "கரைஞ்சிருப்பான்டி, பயப்படாதே" என்றாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அவளுக்கும் பயம்.

28 மார்ச், வியாழன்

கரையவில்லை.

29 மார்ச்

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் கை ஓடவில்லை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அக்காவும் நானும் ஒன்பதுக்கு முன்பே போய்விட்டோம். துணி, பெட்டி எல்லாம் எடுத்துப்போயிருந்தேன். பாட்டிலை விடியற்காலையிலேயே திறந்து காற்றாடவிட்டுத்தான் கொண்டுபோனேன். அவனைக் கடிக்கக் கூடாதில்லையா.

குழி தோண்டுபவர் முழங்கால் ஆழத்தைத் தாண்டியதும் மெதுவாகத் தோண்டினார். பிறகு நிறுத்தினார். மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, "அம்மா, அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றார்.

நான் நகரவில்லை. பார்த்தேன். நான் போட்டுவிட்ட நீலச் சட்டை. கை. எதைப் பார்த்தேன் என்று இதற்கு மேல் எழுதமாட்டேன்.

"நாலுல ஒண்ணு இப்படித்தான் வருதும்மா. மருந்து நிறைய ஏத்தின உடம்பு, மண்ணும் களைச்சுப்போச்சு. உங்க பையன்னு இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் வேற மூலையில வெச்சா சரியாயிடும்" என்றார். நல்ல மனுஷர். இதைத் தினமும் யாருக்காவது சொல்கிறார் போல.

கரையாத உடம்புக்கென்று இருக்கும் மன்னிப்பு ஜெபத்தைப் பாதிரியார் வாசித்தார். முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பெத்தவங்க சொல்லணும்மா. 'உன்னை மன்னிச்சேன்'னு மூணு தடவை சொல்லுங்க."

"அவன் என்ன தப்பு செஞ்சான், நான் மன்னிக்க?"

"வழக்கம்மா. சொல்லுங்க."

"தப்பு செஞ்சது நான் ஃபாதர். மண்ணு உன்னைக் கரைக்காதுன்னு நான்தான் சொன்னேன். இந்த வாயால சொன்னேன்." எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். குழி தோண்டுபவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். பாதிரியார் புத்தகத்தை மூடினார். ஜெபத்தில் எனக்கு என்று ஒரு வரியும் இல்லை போலிருக்கிறது.

அப்புறம் சொன்னேன். மூன்று முறையும் சொன்னேன். சொல்லாமல் விட்டு அதனால் அவன் கரையாமல் போனால்?

தெற்கு மதில் ஓரம் புதுக் குழி. எலும்பு இல்லை, கழுவ எதுவும் இல்லை. கொண்டுபோன ஒயினை மண்மேல் ஊற்றினேன். மண் ஒரு நொடியில் குடித்துவிட்டது.

2 ஏப்ரல்

லாண்டரிக்குப் போனேன். கறையெல்லாம் போனது. எனக்கென்ன.

10 ஏப்ரல், புதன்

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் போய்விட்டது.

திலேமாகோஸுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிளாஸ்களைத் துடைத்து வைத்துவிட்டு, "இன்னிக்கு எது ஊத்தட்டும்மா?" என்றார்.

"அவன் குடிக்காதது ஏதாவது இருக்கா, தம்பி?"

அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். க்ரீட் தீவில் ஒரு சின்னத் தோட்டத்து வெள்ளை. "போன வருஷம்தான் முதல்முறையா பாட்டில்ல போட்டாங்க. அவன் பார்க்கல."

பேரிக்காய். கொஞ்சம் மலைப்புல் வாசனை. கடைசியில் இலேசாக ஒரு கசப்பு, நல்ல கசப்பு. முழுக் கிளாஸையும் குடித்தேன். நன்றாக இருந்தது, அதைப் பொய் சொல்ல முடியாது.

அவனுக்குத் தெரியாத ஒன்று இப்போது எனக்குத் தெரியும். அவனிடம் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் கழித்து, மண் மனசு வைத்தால்.